இரண்டு வெற்றிக்கு ஒரு கோப்பை

அன்புள்ள 2019-20 சீசன் சிட்னி கிங்ஸ் வீரர்களுக்கு,

ஐந்து ஆட்டத் தொடர் என்றால் மூன்றை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. ஆஸ்திரேலிய தேசியக் கூடைப்பந்து லீக்கின் 2020 இறுதித் தொடரில் அந்தக் கணக்கு முடியவே இல்லை. பெர்த் வைல்ட்கேட்ஸ் இரண்டு வென்றிருந்தது, நீங்கள் ஒன்று. கொரோனா பரவத் தொடங்கியிருந்த நேரம்; நான்காவது ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று மார்ச் 17, செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டீர்கள். மார்ச் 19 அன்று லீக் நிர்வாகம் பெர்த்தையே சாம்பியன் என்று அறிவித்தது. அந்த அணிக்கு அது பத்தாவது பட்டம்.

நான் பெர்த் ரசிகன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடியிருப்பது உங்கள் ஊரில், உங்கள் அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோம்புஷில். தமிழ்க் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஊதாச் சட்டை போட்ட உங்கள் ரசிகர்களைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவன். ஆனால் இந்த நாட்டில் நான் முதலில் இறங்கிய ஊர் பெர்த். முதலில் மனத்தில் ஒட்டிய அணி அப்படியே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் முடிவால் லாபம் அடைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். லாபம் அடைந்தவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்றால், அந்தக் கோப்பை எங்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. உங்களுக்கும் செரித்திருக்காது.

அந்தத் தொடரை மறந்துவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஒன்பது அணிகள், அணிக்கு 28 ஆட்டங்கள். அதில் 20 வென்று பட்டியலில் முதலிடம் நீங்கள். 19 வென்று இரண்டாமிடம் பெர்த். இல்லவாரா அணியில் லமெலோ பால், நியூசிலாந்து பிரேக்கர்ஸில் ஆர்.ஜே. ஹாம்ப்டன் என்று இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வந்து சேர்ந்ததால் என்பிஏ ஆள்தேடிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த சீசன் அது. ஆனால் கடைசியில் நின்றது பழைய பகை: கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும். நடுவில் விமானத்தில் ஐந்து மணி நேரம்.

மார்ச் 8, ஞாயிறு. உங்கள் அரங்கத்தில், உங்கள் கூட்டத்தின் முன்னால், பெர்த் 88-86 என்று ஜெயித்தது. மார்ச் 13, வெள்ளி. பெர்த்தில் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் காலி. பூட்டிய கதவுக்குள் நீங்கள் 97-83 என்று திருப்பிக் கொடுத்தீர்கள். மார்ச் 15, மறுபடி ஞாயிறு. சிட்னியிலும் காலி நாற்காலிகள். பெர்த் 111-96. மூன்று ஆட்டத்திலும் ஜெயித்தது விருந்தாளிதான். சொந்த மண்ணில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. முதலிடம் பிடித்த அணிக்கு லீக் தரும் பெரிய பரிசு, ஐந்தில் மூன்று ஆட்டம் சொந்த ஊரில் என்பது. 28 ஆட்டம் ஓடிச் சம்பாதித்த அந்தப் பரிசு, கூட்டமில்லாத அரங்கில் வெறும் முகவரியாகிப் போனது. பெர்த்துக்கும் அதே கதிதான்; சிவப்புச் சட்டைக் கூட்டம் இல்லாத பெர்த் அரங்கம் பாதிப் பெர்த். இதில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

பிறகு வந்தது அந்தச் செவ்வாய்.

நீங்கள் நின்றதற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: வீரர்களின் உடல்நலம், குடும்பத்தை விட்டு எங்காவது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். உங்கள் கிளப் உங்கள் பக்கம் நின்றது. உடனே ஊர் வாய் திறந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அதுதான் சொன்னார்கள். 2-1 என்று நீங்கள் முன்னால் இருந்திருந்தால் நின்றிருப்பீர்களா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, கேட்டவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். முன்னால் இருப்பவனுடைய பயமும் பின்னால் இருப்பவனுடைய பயமும் ஒரே அளவா என்பது அந்த நிலையில் நின்றவனுக்கே விளங்காத விஷயம். அதனால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்கிறேன். ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் என்ன மாறியது?

நிறைய மாறியது. 500 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். திங்கள் முதல் அமல். வெளிநாட்டிலிருந்து வரும் எல்லோரும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று நீங்கள் மூன்றாவது ஆட்டம் ஆடிய அதே ஞாயிறு அறிவித்தார்கள். உங்கள் அணியில் காஸ்பர் வேர், ஜேஷான் டேட் என்ற அமெரிக்கர்கள். டிடி லூசாடா என்ற பிரேசில் பையன். பயிற்சியாளர் வில் வீவரும் அமெரிக்கர். அவர்களுக்கு வீடு கடலுக்கு அந்தப் பக்கம். விமானம் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. நிற்காது என்றும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் நின்ற மறுநாள், 18ஆம் தேதி, வெளிநாடு எங்கும் போகாதீர்கள் என்று அரசு சொன்னது. 19ஆம் தேதி குவாண்டாஸ் தன் வெளிநாட்டு விமானங்களை மாதக் கடைசியில் நிறுத்துவதாகச் சொல்லி 20,000 ஊழியர்களை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தது. அதே 19ஆம் தேதி சிட்னித் துறைமுகத்தில் ரூபி பிரின்சஸ் கப்பல் வந்து நின்று, ஏறத்தாழ 2,700 பயணிகள் ஒரு தடையும் இல்லாமல் ஊருக்குள் இறங்கிப் போனார்கள். பெர்த்துக்குக் கோப்பை என்று அறிவிப்பு வந்ததும் அன்றுதான். 20ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நாட்டின் வாசலே சாத்தப்பட்டது.

நீங்கள் செவ்வாய்க்கிழமை சொன்னதை நாடு சில நாள் தாமதமாகச் சொன்னது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் பெர்த் ரசிகன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 19ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் தன் முதல் சுற்றைக் காலி மைதானங்களில் ஆடி முடித்தது. முடித்த கையோடு, 22ஆம் தேதி, அதுவும் நின்றது. ரக்பி லீக் மறுநாள். ஆகக் கூட்டமில்லாமல் ஆடுவதற்கு அந்த வாரக் கடைசிவரை சட்டத்தில் இடம் இருந்தது. நான்காவது ஆட்டத்தையாவது பெர்த்தில் ஆடியிருக்கலாம். நாங்கள் ஜெயித்திருந்தால் 3-1, கணக்கு சுத்தம். நீங்கள் ஜெயித்திருந்தால் 2-2. கோப்பையை யாருக்குத் தருவது என்று லீக் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வருத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. ஆனால் வருத்தம் உங்கள்மேல் போகாமல் வேறிடத்துக்குப் போகிறது. ஏனென்றால் செவ்வாயன்று உங்கள் கையில் காலண்டர் இருந்ததே தவிர, அடுத்த வாரத்துச் செய்தித்தாள் இல்லை. அந்த வாரக் கடைசிவரை ஆடலாம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மேற்கு ஆஸ்திரேலியா ஏப்ரல் 5 நள்ளிரவோடு தன் எல்லையைச் சொந்த நாட்டுக்காரனுக்கே மூடியது. மாநில எல்லை மூடும் என்று மார்ச் தொடக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

உங்களுக்கு என்ன செலவானது என்பதைத்தான் பலர் பேசுவதில்லை. 2003 முதல் 2005 வரை பிரையன் கோர்ஜியன் பயிற்சியில் தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கிய கிளப் இது. பிறகு உரிமையாளரின் பணச் சிக்கலில் 2008இல் லீக்கிலிருந்தே காணாமல் போய், 2010இல்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு 2020 வரை ஒரு பட்டமும் இல்லை. பதினைந்து வருடப் பசி. அதில் முதலிடம், இறுதித் தொடர், இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும் என்ற நிலை. அதை விட்டுவிட்டுப் போவதற்குக் கோழையாக இருந்தால் போதாது.

ஆண்ட்ரூ போகட் உங்களில் ஒருவர். 2005இல் என்பிஏ தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2015இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸோடு சாம்பியன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா ஸ்பெயினிடம் 89-88 என்று ஒற்றைப் புள்ளியில் வெண்கலத்தை விட்டபோது அந்த அணியிலும் இருந்தவர். டோக்கியோவில் கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று உடம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மார்ச் 24 அன்று டோக்கியோ ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 1 அன்று போகட் ஓய்வு அறிவித்தார். இன்னொரு வருடம் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. 2021இல் ஸ்லோவேனியாவை 107-93 என்று வென்று ஆஸ்திரேலிய ஆண்கள் அணி தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கியது. பயிற்சியாளர் உங்கள் கிளப்பின் பழைய கோர்ஜியன். கழுத்தில் பதக்கம் போட்டுக்கொண்டு நின்றவர்களில் அந்த இறுதித் தொடரில் பெர்த்துக்கு ஆடிய நிக் கே இருந்தார். போகட் இல்லை. மார்ச் 15 அன்று காலி அரங்கில் தோற்ற ஆட்டம்தான் அவருடைய வாழ்வின் கடைசி ஆட்டம் என்று அன்று அவருக்கே தெரியாது.

உங்கள் கெவின் லிஷுக்கும் அதுவே கடைசி சீசன். எங்கள் பக்கத்தில் கேப்டன் டேமியன் மார்ட்டினுக்கும் அப்படியே. ஆறு பட்டங்களோடு போனார், ஆனால் வழியனுப்பக் கூட்டம் இல்லை. ஜேஷான் டேட் வேறு மாதிரி. அதே ஆண்டுக் கடைசியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அழைத்துக்கொண்டது. முதல் சீசனிலேயே புதுமுகங்களின் முதல் ஐவரில் இடம். சிலருக்குக் கதவு சாத்தப்பட்டது, சிலருக்குத் திறந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அறையில் உட்கார்ந்திருந்தபோது யாருக்கு எது என்று தெரியாமல்தான் எல்லோரும் கை தூக்கியிருப்பீர்கள்.

உலகம் முழுக்க அந்த மாதங்களில் கூடைப்பந்து சீசன்கள் பாதியில் முறிந்தன. அவற்றோடு உங்களுடையதை வைத்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் மார்ச் 11 அன்று யூட்டா ஜாஸின் ரூடி கோபேருக்குத் தொற்று உறுதியானது. ஓக்லஹோமா சிட்டியில் ஆட்டம் தொடங்க இருந்த நேரத்தில் வீரர்களை உள்ளே திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவே என்பிஏ நின்றது. 259 ஆட்டங்கள் மீதி. ஜூலை 30 அன்று டிஸ்னி வளாகத்துக்குள் 22 அணிகளைப் பூட்டி வைத்து மீண்டும் தொடங்கி, அக்டோபரில் லேக்கர்ஸுக்குக் கோப்பை கொடுத்து முடித்தார்கள். அழைக்கப்படாத எட்டு அணிகளில் அட்லாண்டாவும் ஒன்று. 22 சீசன் ஆடிய வின்ஸ் கார்ட்டர், மார்ச் 11 அன்று போட்ட ஒரு மூன்று புள்ளியோடு ஓய்வு பெற்றுவிட்டார். இத்தாலி ஏப்ரல் 7 அன்று சீசனை ரத்து செய்து, சாம்பியன் யாரும் இல்லை என்று எழுதிவைத்தது. கிரீஸ், லிதுவேனியா இரண்டும் அப்போது முதலிடத்தில் இருந்தவருக்கே கொடுத்தன: பானத்தினாய்க்கோஸ், ஜால்கிரிஸ். ஸ்பெயின் பன்னிரண்டு அணிகளை வலென்சியாவில் கூட்டி ஜூன் கடைசியில் முடித்தது; பாஸ்கோனியா பார்சிலோனாவை 69-67 என்று வென்றது. ஜெர்மனி மியூனிக்கில் முடித்தது.

கவனித்தீர்களா? அங்கெல்லாம் நிறுத்தியவர் நிர்வாகம், அல்லது அரசு, அல்லது ஒரு பரிசோதனை முடிவு. ஆட்டக்காரர் நிறுத்தவில்லை. 1998இல் என்பிஏ முடங்கியதும் முதலாளிகள் போட்ட பூட்டால்தான். 464 ஆட்டங்கள் போயின, மிச்சம் அணிக்கு 50. அந்த 1999 கோப்பையை வென்ற சான் அன்டோனியோவுக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று பில் ஜாக்சன் கேலி பேசினார். குறியைப் போட்டவரும் இல்லை, மறந்தவரும் இல்லை. உங்கள் சீசனில் மட்டும், கோர்ட்டில் ஓடியவர்களே நின்று, இத்தோடு போதும் என்றார்கள். கையெழுத்து உங்களுடையது. அதனால்தான் திட்டும் உங்களுக்கு வந்தது. இத்தாலிய நிர்வாகியை யாரும் கோழை என்று திட்டவில்லை.

இங்கே என் பகுதிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அரங்கம் 2000 ஒலிம்பிக்கின் கூடைப்பந்து இறுதியாட்டம் நடந்த இடம். நாட்டிலேயே பெரிய உள்ளரங்கம். அங்கே டிக்கெட் கிழிப்பவர், உருளைக்கிழங்கு வறுப்பவர், ஆட்டம் முடிந்து குப்பையெல்லாம் பெருக்குபவர் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு படை வரும். மணிக்கணக்குக் கூலி. ஆட்டம் இல்லையென்றால் கூலி இல்லை. அரங்கத்தைப் பூட்டிய நாளிலேயே அவர்கள் சீசன் முடிந்தது. உங்களுடையது முடிய இன்னும் சில நாள் இருந்தது. மார்ச் 23 அன்று அரசு உதவி அலுவலகங்களின் வாசலில் தெரு முனை தாண்டி நின்ற வரிசையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வேலைதாரர் மூலம் சம்பளம் தரும் திட்டத்தை 30ஆம் தேதி அறிவித்தபோது, ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதம் முடிக்காத கூலிக்காரருக்கு அது இல்லை; தற்காலிக விசாக்காரருக்கும் இல்லை. இந்தப் பக்கத்து மேற்குச் சிட்னியில் அந்த இரண்டு வரியில் ஒன்றில் சிக்கிய தமிழ் வீடுகள் இருந்தன. படிக்க வந்த பையன்கள், அகதி மனு போட்டுவிட்டு இடைக்கால விசாவில் காத்திருப்பவர்கள். சாம்பியன் யார் என்ற சண்டை ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் அவர்கள் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சீசன் முறிவது என்றால் என்ன என்று பேசும்போது 2-1 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் உண்மையான புகாருக்கு வருகிறேன். அது லீக்மேல். மார்ச் 17க்கும் 19க்கும் நடுவில் நிர்வாகம் கூடி யோசித்தது. முடிவு எதுவாகவும் இருந்திருக்கலாம்: முதலிடம் உங்களுடையது என்று உங்களுக்கே கொடுப்பது, இத்தாலி போல யாருக்கும் இல்லை என்பது, தொடரில் முன்னால் இருந்த பெர்த்துக்குக் கொடுப்பது. கடைசியில் சொன்னதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொந்த ஊருக்கு வந்த சோற்றைத் தட்டிவிட நான் யார்? பிரைஸ் காட்டன் அந்தத் தொடரின் சிறந்த வீரர் என்பதில் உங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயத்தை, ஒரு அணி வெளியே போன பிறகு யோசித்தார்கள். அங்கேதான் கோளாறு. உங்கள் முடிவு சரியா தப்பா என்பதும் கோப்பை யாருக்கு என்பதும் தனித்தனிக் கேள்விகள். விதி முன்பே இருந்திருந்தால் இரண்டும் ஒட்டியிருக்காது. இல்லாததால், நீங்கள் உடல்நலத்துக்காக எடுத்த முடிவு தானாகவே எங்களுக்குப் பட்டமும் உங்களுக்குத் தோல்வியும் ஆயிற்று. நான்காவது ஆட்டத்தை நீங்கள் விட்டுக்கொடுத்ததாகப் பதிவேட்டில் எங்கும் இல்லை. அது 2-1 என்றே நிற்கிறது. ஆனால் விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கிடைக்கும் பலன்தான் உங்களுக்குக் கிடைத்தது.

உங்களில் பலர் இன்று ஆடுவதில்லை. சிலர் பயிற்சியாளர்கள், சிலர் மைக்கின் முன்னால் பேசுகிறார்கள். நாட்டின் கூடைப்பந்து வீரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது, ஏனென்றால் நாட்டிலேயே இந்த விஷயத்தில் அடிபட்டவர்கள் நீங்கள்தான். இறுதித் தொடர் எத்தனை ஆட்டத்தில் நின்றால் பட்டம் உண்டு, எத்தனைக்குக் கீழே இல்லை. ஒரு அணி உடல்நலக் காரணம் சொன்னால் அதைத் தீர்மானிப்பவர் கிளப்புக்கும் லீக்குக்கும் சம்பந்தமில்லாத மருத்துவரா, யார். வெளிநாட்டு வீரரின் வீடு திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு. அரங்கம் பூட்டினால் அன்றைய கூலிக்காரருக்கு எத்தனை ஆட்டத்துக் கூலி. இவற்றை ஒப்பந்தத்தில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கொள்ளைநோய் நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று சொல்வார்கள். 2019-20 கோடையில் சிட்னியைப் பல நாள் மூடிய காட்டுத்தீப் புகையை ஞாபகப்படுத்துங்கள். அதே சீசன்தான்.

2022இல் உங்கள் கிளப் டாஸ்மேனியாவை 3-0 என்று வென்றது. உங்களோடு அணியில் இருந்த சேவியர் குக்ஸ் அந்தத் தொடரின் சிறந்த வீரர். 2023இல் நியூசிலாந்தை ஐந்தாவது ஆட்டம் வரை போய் வென்றது. அந்த இரண்டுக்கும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எங்கள் பத்தாவது பட்டத்தைச் சொல்லும்போது மட்டும் நாங்கள் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு யோசனை.

நான்காவது ஆட்டம் பெர்த்தில் ஆட வேண்டியது, பாக்கி இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களும் பெறாதவர்களும் வருகிறபடி வாருங்கள். மார்ட்டின் வருவார், காட்டன் 2025இல் அடிலெய்டுக்குப் போய்விட்டாலும் இதற்கு வரமாட்டார் என்று நினைக்கவில்லை. போகட்டின் முதுகு ஒத்துழைத்தால் அவரும் ஐந்து நிமிடம் நிற்கட்டும். பலகையில் 2-1 என்று போட்டுத் தொடங்குங்கள். பட்டம் மாறாது, பதிவேடு மாறாது. வசூலை இரண்டு ஊர் அரங்கங்களிலும் அந்த மாதம் கூலி இழந்தவர்களுக்குக் கொடுங்கள். நீங்கள் ஜெயித்து 2-2 ஆனால் ஐந்தாவது ஆட்டம் சிட்னியில். எனக்கு நடந்தே வந்துவிடும் தூரம். டிக்கெட் விலையை மட்டும் இப்போதைய இறுதித் தொடர் விலையில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹோம்புஷில் குடியிருக்கும் பெர்த் ரசிகன்